மலைச் செம்மறிக்கு எத்தனை கிலோ துப்பாக்கி?

கேட்லாக்கில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்து மலைக்குத் துப்பாக்கி வாங்காதே என்று பொங்கலில் இருந்து என் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில் ஃபோர்ட் செயின்ட் ஜான் என்ற ஊரில், எரிவாயு வேலையில் இருக்கிறான். வரும் ஆகஸ்டில் முதன்முறையாக மலைச் செம்மறி வேட்டைக்குப் போகிறான். "எது வாங்கலாம் மாமா?" என்று அவன் ஆரம்பித்தான். இப்போது அவனோடு வேலை செய்யும் சில தமிழ்ப் பிள்ளைகளும் அதே கேள்வியோடு வருகிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் ஆகும்.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்பவர்களுக்கு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு லோரி, டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை. ஊருக்கு வெளியே கொஞ்சம் செம்பனைக் காடும் உண்டு. கன்று நட்ட முதல் இரண்டு மூன்று வருடம் காட்டுப்பன்றி இறங்கினால் குருத்தோடு பிடுங்கித் தின்றுவிடும். அதனால் ஷாட்கன் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பா வைத்திருந்தார். 1948 ஜூன் 16இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தூக்குத் தண்டனை இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர் என்பதால் தோட்டாவை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் அப்பா குளிக்கக்கூடப் போக மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது. இன்றும் இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும், வேட்டைக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் தனி. தோட்டக்காரனுக்குக் கிடைப்பது ஷாட்கன்தான். ரைஃபிளை நான் தொட்டது கனடாவில்.

போன வருடம் ஜூனில் அக்காவோடு அங்கே போயிருந்தேன். அலாஸ்கா நெடுஞ்சாலையில் எங்களை வடக்கே கூட்டிப்போனான். ஃபோர்ட் நெல்சன் தாண்டியதும் சாலை மலைக்குள் ஏறுகிறது. சம்மிட் லேக் பக்கம் சுமார் 1,300 மீட்டர் உயரம், அந்த நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம். அதைத் தாண்டி மஞ்சோ ஏரிப் பக்கம் போனால் சாலை ஓரத்திலேயே ஸ்டோன் செம்மறிகள் நிற்கின்றன, அவன் வேட்டைக்குப் போகிற மலைச் செம்மறி ரகம் அதுதான். மண்ணில் இருக்கும் உப்புச் சத்துக்காக வந்து நக்கிக்கொண்டிருக்கும். பெட்டையும் குட்டியுமாக ஒரு கூட்டம், வண்டியை நிறுத்தினாலும் அசையவில்லை. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, வெளுத்த முகம், பின்பக்கம் வெள்ளை. அக்கா கண்ணாடியை இறக்கி "வா வா" என்று நம் ஊர் ஆட்டைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

கிடாக்கள் அங்கே இல்லை. "அதெல்லாம் மேலே மாமா" என்று கையைக் காட்டினான். அண்ணாந்து பார்த்தேன். மரம் நின்றுபோன உயரத்துக்கு மேலே, கல்குவாரியில் ஜல்லியைக் கொட்டியதுபோல் சரிவு முழுக்க உடைகல். அதற்கும் மேலே பாறை. அங்கே சாலை கிடையாது. கூடாரம், சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் நடக்க வேண்டும். கிடா கிடைத்தால் திரும்பும்போது கறி, தலை, தோல் என்று முப்பது கிலோவுக்கு மேல் சேரும். கறியை மலையில் விட்டுவிட்டு வருவது அங்கே சட்டப்படி குற்றம். குற்றம் இல்லையென்றாலும் செய்யக் கூடாத காரியம்.

(நம் பேராக்கிலும் சுண்ணாம்புக் குன்றுகளில் இப்படி ஒரு பிராணி உண்டு. மலாயில் கம்பிங் குருன் என்பார்கள். ஆடும் மானும் கலந்த மாதிரி கறுத்த உருவம், செங்குத்துப் பாறையில் சர்வ சாதாரணமாக ஏறும். முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது. குன்றுகளைக் கல்லுக்காக உடைக்க உடைக்க அதற்கு இருக்க இடமும் குறைகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

சரி, எடைக்கு வருவோம்.

எடை குறைந்த துப்பாக்கி ஏன் வேண்டும் என்பது அந்தச் சரிவைப் பார்த்தாலே புரியும். எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். அவன் கண் இரண்டேகால் கிலோ துப்பாக்கிகள் மேல் இருந்தது. டைட்டானியம் உடல் (குழலைப் பூட்டும் நடுப்பகுதி), கார்பன் நார்க் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி), மெல்லிய குழல். விலை மூவாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். நம் காசுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல்.

அவனுடைய வேலையிடத்தில் ஒரு மூத்த வேட்டைக்காரர் இருக்கிறார், வெள்ளைக்காரர். அவர் தன் இரண்டு ரைஃபிள்களைக் காட்டுவதற்காக வீட்டுக்கே கொண்டுவந்தார். ஒன்று அந்த இரண்டேகால் கிலோ ரகம், .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் என்ற, மருந்து கூடிய தோட்டா போடுவது. மற்றொன்று ஃபின்லாந்தில் செய்த டிக்கா டி3எக்ஸ் லைட், அதன் தோட்டா .270 வின்செஸ்டர். கேட்லாக்கில் அது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. என்னிடம் பெட்டி நிறுக்கும் கைத்தராசு இருந்தது, ஏர்போர்ட்டில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டக் கூடாது என்று அக்கா வாங்கிவைத்தது. அதை எடுத்துவந்து துப்பாக்கி இரண்டையும் மலைக்குப் போகிற கோலத்தில் நிறுப்போம் என்றேன். ஸ்கோப் மாட்டி, அதைப் பிடிக்கும் வளையம் பூட்டி, தோள்வார் கட்டி, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மூன்று தோட்டாவை ஒரு பையில் போட்டு அதையும் கொக்கியில் தொங்கவிட்டு.

டிக்கா மூன்றரைக்குச் சற்று மேலே காட்டியது. இலேசான துப்பாக்கி மூன்றேகாலைத் தாண்டியது. அவ்வளவுதான் வித்தியாசம், முந்நூறு கிராம்கூட இல்லை. மருமகன் தராசைக் கையில் வாங்கித் திரும்பவும் நிறுத்துப் பார்த்தான்.

காரணம் எளிது. அந்த இலேசான துப்பாக்கி மேல் நீண்ட தூரத்துக்கென்று வாங்கிய பெரிய ஸ்கோப் இருந்தது, எழுநூறு கிராமுக்குக் கிட்டே. டிக்காவின் மேல் இருந்தது நாற்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடி போட்ட லூபோல்ட், 3.5இலிருந்து 10 மடங்கு வரை பெரிதாக்கும், முந்நூற்றைம்பது கிராம் சொச்சம். வளையமும் அலுமினியம். ஆக, துப்பாக்கியில் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துக் குறைத்த எடையை ஸ்கோப்பில் பாதிக்கும் மேல் திரும்ப ஏற்றிவிட்டார்கள். அதுவும் எடை முழுக்க உச்சியில். கையில் பிடித்தால் இடம் வலமாகச் சாயப் பார்க்கிறது.

மறுநாள் சாயங்காலம் துப்பாக்கிச் சுடும் கிளப்புக்குப் போனோம். சாயங்காலம் என்றாலும் ஜூனில் அங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் விருந்தாளியும் அங்கே சுடலாம் என்பது கனடாச் சட்டம். இருநூறு யார்டில் காகிதத் தட்டு ஒன்றைக் குத்திவைத்தார் பெரியவர். முதலில் மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டோம். இரண்டு துப்பாக்கியும் நன்றாகவே சுட்டன. மேசையில் உட்கார்ந்து சுட்டால் நல்ல துப்பாக்கி எல்லாமே நன்றாகத்தான் சுடும்.

அப்புறம் பெரியவர் ஒன்று செய்யச் சொன்னார். துப்பாக்கியைப் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) திறந்து மேசையில் வைத்துவிட்டு, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் மூச்சு வாங்கும்வரை ஏறி இறங்கு. வந்ததும் பையைத் தரையில் போட்டு அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, படுத்துச் சுடு.

மருமகன் அப்படியே செய்தான். அடுத்து நானும் என் வயதுக்குத் தக்கபடி ஏறி இறங்கிவிட்டுப் படுத்தேன். இலேசான துப்பாக்கியில் ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோடு என் நெஞ்சு துடிக்கத் துடிக்கத் துள்ளியது. தட்டின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புக்குப் போய்வந்தது. மூச்சைப் பிடித்தால் இன்னும் மோசம். டிக்காவிலும் துடித்தது, ஆனால் மெதுவாக, தட்டுக்குள்ளேயே. குழலின் முன்பாதியில் எடை இருந்ததால் துப்பாக்கி பையின்மேல் உட்கார்ந்தது. மருமகனுக்கும் அதே அனுபவம்தான். தட்டைக் கழற்றிவந்தபோது இரண்டு துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டைகளில் தெளிவாகத் தெரிந்தது.

எடை கூடிய பொருள் சட்டென்று அசையாது. நாடித் துடிப்பும் தசை நடுக்கமும் அதை ஆட்டக் கொஞ்சம் சிரமப்படும். இதே காரணத்தால் விசையும் (விரலால் இழுக்கும் டிரிகர்) முக்கியம். இரண்டேகால் கிலோ துப்பாக்கியில் விசையை இழுக்க இரண்டு கிலோ பலம் வேண்டுமென்றால், விரல் விசையை இழுக்கும்போதே துப்பாக்கியையும் சேர்த்து இழுத்துவிடும். டிக்காவின் விசையை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவரை நாமே திருகிச் சரிசெய்யலாம். ஒன்றேகால் கிலோ வேட்டைக்குப் போதும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போகாதீர்கள். குளிரில் விரல் மரத்துப்போகும், கையுறை வேறு இருக்கும், தெரியாமல் பட்டாலே வெடித்துவிடும்.

அடுத்தது உதை. இதைப் பட்டறைக்காரன் கணக்காகவே சொல்கிறேன். குண்டும் மருந்தும் முன்னே போகிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வரும். தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை மட்டும் பாதியானால், தோளில் விழும் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். நான்கு கிலோ துப்பாக்கியை இரண்டரை கிலோவாக்கினால் 1.6 மடங்கு. அதோடு தோட்டாவும் மேக்னம் என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு அந்த .300 எங்கள் தோளில் கொடுத்தது .270 கொடுத்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். மூன்றாவது தோட்டாவுக்கு மருமகன் விசையைத் தொடுமுன்பே கண்ணை மூடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடுகிறவன் இலக்கைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. வலி வரும் துப்பாக்கியை யாரும் ஆசையாக எடுத்துப் பழகவும் மாட்டார்கள்.

உதையைக் குறைக்கக் குழல் முனையில் மசில் பிரேக் போடலாம், வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளை போட்ட மூடி. வேலை செய்யும். ஆனால் சத்தம் பக்கவாட்டில் அடிக்கும். மலையில் நமக்குப் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளியின் காது என்னாவது? உதை தாங்காத தோட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிரேக்கைத் தேடுவதைவிட, தாங்கும் தோட்டாவையே எடுக்கலாம்.

தோட்டா விஷயத்தில் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதில் நேரம் செலவழிக்க விருப்பமில்லை. ஸ்டோன் கிடா தொண்ணூறு கிலோ சுமார் இருக்கும். கரடி, மூஸ் மாதிரி முரட்டு உடம்பு கிடையாது. சரியான இடத்தில் பட்டால் .270, 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர், .308 எதுவும் போதும். .270 வந்தது 1925இல். அமெரிக்காவில் வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் அதைத் தூக்கிக்கொண்டு மலைச் செம்மறிக்கு ஏறி, வாழ்நாள் முழுக்க அதைப் பற்றி எழுதினார். நூறு வருடமாகியும் அந்தத் தோட்டா மலையில் குறை வைக்கவில்லை. 6.5 கிரீட்மோர் 2007இல் வந்த பிள்ளை, உதை அதைவிடக் குறைவு. முதன்முறை ரைஃபிள் பிடிக்கிறவருக்கு அது இன்னும் நல்லது. இதில் ஒரு நுணுக்கம்: குட்டைத் தோட்டா எடுத்தால் துப்பாக்கியும் குட்டையாகி எடை குறையும் என்று சொல்வார்கள். தோட்டாவுக்கு ஏற்ப உடலையும் இரண்டு அளவில் செய்யும் கம்பெனிகளுக்கு அது சரி. டிக்காவில் எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீளமுள்ள உடல்தான், அதனால் அங்கே அந்த லாபம் பெரிதாகக் கிடையாது. உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் இருக்கும் என்று விசாரித்து வாங்குங்கள். பழகுவதற்குப் பெட்டி பெட்டியாக வேண்டும்.

எடையை எங்கே குறைத்தார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. குழலைச் சீவி மெல்லியதாக்கிக் குறைப்பது எல்லாவற்றிலும் சுலபமான வழி. மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், மூன்றாவது நான்காவது குண்டு வேறு இடத்துக்கு நகரும். வேட்டையில் ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான் காரியம் என்பதால் அதை ஓரளவு மன்னிக்கலாம். ஆனால் முன்பக்க எடையும் அதோடு போய்விடுகிறதே, அதுதான் என் வருத்தம். 1980களில் அமெரிக்காவில் மேற்கு வெர்ஜினியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் இதை வேறு விதமாக யோசித்தார். குழலை அப்படியே விட்டுவிட்டு, உடலை இருபது அவுன்ஸுக்குக் கொண்டுவந்தார், சுமார் 570 கிராம். அவருடைய மாடல் 20 என்ற பெயரே அந்த இருபது அவுன்ஸிலிருந்து வந்தது. கட்டையைக் கெவ்லார், கிராஃபைட் நாரால் கடினமாகவும் இலேசாகவும் செய்து, குழலை முழுநீளமும் அதில் படியவைத்தார். இலேசான துப்பாக்கி வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் இந்த வழியில் செய்ததைத் தேடுங்கள். கையில் எடுத்துத் தோளில் வைத்து, இடது கையில் எடை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

மரக்கட்டை அழகு. எங்கள் வீட்டு ஷாட்கன் கட்டை அப்பாவின் கன்னம் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னும். ஆனால் நவம்பர் மழையில் அதே கட்டை ஈரம் குடித்து உப்பி, அடிப்பக்கத் திருகு இறுகிப்போவதை வருடா வருடம் பார்க்கிறேன். ஷாட்கனுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, பன்றி பக்கத்தில் வருகிறது. முந்நூறு யார்டில் குறி வைக்கும் ரைஃபிளில் கட்டை உப்பிக் குழலைத் தொட்டால் குண்டு வேறு பக்கம் போகும். வட மலையில் ஆகஸ்டிலும் மழை, உயரத்தில் பனிகூட விழும். அதனால் சிந்தெடிக் கட்டை, ஸ்டெயின்லெஸ் இரும்பு. ஸ்டெயின்லெஸ் என்றாலும் துருவே பிடிக்காது என்று நினைக்காதீர்கள், ராத்திரி கூடாரத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் படுங்கள். குழல் வாயில் கறுப்பு வயரிங் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் மண்ணும் பனியும் உள்ளே போகாது. அதன் வழியாகவே சுடலாம், குறி மாறாது.

குறைத்த காசை என்ன செய்வது? தொலைவில் பார்க்கும் கண்ணாடியில் போடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கண்ட கிடாவை எல்லாம் சுட முடியாது. பக்கவாட்டில் நேராகப் பார்க்கும்போது கொம்பு முழுதாகச் சுற்றி அதன் நுனி நெற்றி மூக்குக் கோட்டைத் தாண்டி மேலே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பின் வருட வளையங்களை எண்ணி எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பிறகு அதிகாரிகளிடம் கொம்பைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பாறை நிழலில் படுத்திருக்கும் கிடாவின் கொம்பில் வளையம் எண்ணுவதென்றால் நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) ஸ்டாண்டும் இல்லாமல் நடக்காது. அது இரண்டு கிலோவுக்குக் குறையாது. அந்த எடையைச் சுமக்க மனம் வர வேண்டும். ஒரு வேட்டையில் கண்ணாடி வழியாகப் பார்க்கிற நேரம் மணிக்கணக்கு, நாள்கணக்கு. துப்பாக்கியின் வேலை ஒரு நிமிடம். இளங்கிடாவைத் தவறாகச் சுடுவதைவிட வெறுங்கையோடு திரும்புவது ஆயிரம் மடங்கு மேல். இதை மருமகனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அங்கே ஆட்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல், துப்பாக்கி பையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். எடை இடுப்பில் இறங்குகிறது. நம் செம்பனைக் காட்டில் ராத்திரி முழுக்கக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது வேறு. அப்படி நடக்கும்போது முந்நூறு கிராம் விடியற்காலையில் தெரியும். பையில் கட்டிய முந்நூறு கிராமை ஒரு தண்ணீர்ப் போத்தலைக் குறைத்துச் சரிக்கட்டலாம். ஓடை இருக்கும் மலை அது.

சரிவில் சுடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் புவியீர்ப்பு குண்டை இழுப்பது படுக்கைவாட்டுத் தூரத்துக்குத்தான். முப்பது பாகைச் சரிவில் நேர்க்கோட்டுத் தூரம் நானூறு யார்ட் என்றால் குண்டுக்கு அது சுமார் 346 யார்ட். நானூறுக்கு வைத்துச் சுட்டால் முதுகுக்கு மேலே போய்விடும். சரிவுக் கணக்கையும் சேர்த்துக் காட்டும் தூரமானி இப்போது கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். 130 கிரெயின் எடையுள்ள .270 குண்டை இருநூறு யார்டில் சரிசெய்துவைத்தால் முந்நூறில் ஆறேழு அங்குலம் இறங்கும், நானூறில் ஒன்றரை அடிக்கு மேல். முந்நூறைத் தாண்டிச் சுடாதே என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். முந்நூறுக்குள் நெருங்க முடியவில்லை என்றால் மறுநாள் காற்றுப் பார்த்து வேறு பக்கமாக ஏறு. கிடா படுத்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் போகாது.

கடைசியில் அவன் ஏப்ரலில் டிக்கா டி3எக்ஸ் லைட் ஸ்டெயின்லெஸ் எடுத்தான், .270. ஆயிரம் கனடா டாலருக்குச் சற்று மேலே ஆனது. அதே சிறிய லூபோல்ட் ஸ்கோப், அலுமினிய வளையம், மெல்லிய நைலான் வார். தராசை அவனிடமே விட்டுவந்திருந்தேன், நிறுத்துப் படம் அனுப்பினான்: 3.58 கிலோ. மிச்சப் பணத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் வந்தது, நல்ல பூட்ஸ் வந்தது, தோட்டா பெட்டியாக வந்து இறங்கியது. மேகசீன் பிளாஸ்டிக், கழற்றி மாட்டுவது. மலையில் தொலைந்தால் துப்பாக்கி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகிவிடும் என்பதால் இன்னொன்று வாங்கிப் பையில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு: துப்பாக்கி லைசென்ஸ் படிப்பும் வேட்டைக்காரர் படிப்பும் தனித்தனி, இரண்டையும் முடித்த பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும். நீங்கள் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்பது பெரிய பாக்கியம். வெளிநாட்டிலிருந்து இதே கிடாவுக்கு வருகிறவர்கள் வழிகாட்டிக்குப் பல பத்தாயிரம் டாலர் கட்டி வருகிறார்கள்.

வட பகுதியில் சீசன் ஆகஸ்ட் 1இல் திறக்கும். ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு ஸ்கோப்பையோ தோட்டா ரகத்தையோ மாற்றக் கூடாது என்று மருமகனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப்புக்குப் போய், ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு, மேட்டில் ஏறி இறங்கி வந்த மூச்சோடு, பையின்மேல் வைத்து. அந்த ஓட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறான். மற்றவர்களும் வாங்குமுன் முழுக் கோலத்தில் நிறுத்து எண்ணை எனக்கு அனுப்புங்கள். மூன்றேகாலுக்கும் மூன்றேமுக்காலுக்கும் நடுவில் இருந்தால் பேச வேண்டியது ஒன்றுமில்லை. மூன்றுக்குக் கீழே இருந்தால் கூப்பிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பட்டறை பூட்டியிருக்கும், அப்போது நிதானமாகப் பேசலாம், உங்களுக்கு அது காலை நேரம்.